நாலு மணி வரைக்கும் தண்ணீர்

வேங்கிக்கால்,
திருவண்ணாமலை.
10-4-2025

அன்புள்ள எழிலுக்கு,

நான் நலம். நீ நலமில்லை என்று தெரிந்துகொண்டே 'நலம்தானே' என்று எழுதக் கை வரவில்லை.

நாம் இரண்டு பேரும் ஒரே பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தபோது, ஒருநாள் ஸ்டாஃப் ரூமில் என்னை ஒரு கேள்வி கேட்டாய். என் அறிவியல் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டே, "ஏன்டி கஸ்தூரி, ஹைட்ரஜன்லயும் ஹைட்ரா இருக்குது, டிஹைட்ரேஷன்லயும் ஹைட்ரா இருக்குது. ரெண்டும் அக்கா தங்கச்சியா?" என்றாய். அதற்குள் மணி அடித்துவிட்டது. நான் சாக்பீஸை எடுத்துக்கொண்டு ஒன்பதாம் வகுப்புக்குப் போனவள்தான். தமிழாசிரியைக்கு இதெல்லாம் எதற்கு என்று அப்போது நினைத்திருப்பேன்.

போன வாரம் போனில், மொட்டை மாடியில் துணி எடுக்கப் போய் மயங்கி விழுந்தாய் என்றும், டாக்டர் சீட்டில் ஒரு வார்த்தை எழுதியிருக்கிறார் என்றும் சொல்லி, எழுத்து எழுத்தாக வாசித்தாய். அதே டிஹைட்ரேஷன். அதற்குமேல் நான் எது கேட்டாலும் 'ம்', 'சரி', 'அப்புறம் பேசறேன்'தான். ஹாலில் எல்லோரும் இருக்கிறார்கள் என்றாய். அதனால்தான் கடிதம். இது யார் காதிலும் விழாது.

இப்போது பதில். அக்கா தங்கைதான். கிரேக்க மொழியில் நீருக்கு 'ஹுடோர்' என்று பெயர். அதிலிருந்து வந்ததுதான் இந்த ஹைட்ரா. ஹைட்ரஜன் என்றால் நீரை உண்டாக்குவது. அந்த வாயு எரிந்தால் தண்ணீர் கிடைக்கிறது, அதனால் அந்தப் பெயர். டிஹைட்ரேஷனில் முன்னால் நிற்கிற 'டி' மட்டும் வேறு வீட்டிலிருந்து வந்த மருமகள். அது லத்தீன். விலக்குவது, அகற்றுவது என்று பொருள்.

முதலில் இந்த வார்த்தை மனிதர்களுக்கானதே இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் வேதியியல்காரர்கள், ஒரு பொருளிலிருந்து தண்ணீரைப் பிரித்தெடுப்பதற்கு வைத்த பெயர். உடம்புக்கு வந்தது அப்புறம்தான். மயில்துத்தம் பார்த்திருக்கிறாய் அல்லவா, நீலக் கற்கண்டு மாதிரி? அதைச் சோதனைக் குழாயில் போட்டு ஸ்பிரிட் விளக்கில் காட்டினால் குழாயின் வாயில் துளித்துளியாகத் தண்ணீர் கோக்கும். நீலம் போய் வெள்ளைப் பொடியாகிவிடும். அதில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் மறுபடி நீலம். பிள்ளைகள் கைதட்டுவார்கள். அந்தக் கல்லுக்குள் தண்ணீர் இருந்தது என்பதை, அது வெளியே வந்த பிறகுதான் நம்புவார்கள்.

இங்கே பக்கத்து மனையில் வீடு கட்டுகிறார்கள். ஜன்னலைத் திறந்தால் சிமெண்ட், சாத்தினால் புழுக்கம்.

நீ ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீர் குடிக்கிறாய்? உள்ளதை எழுது.

உன்
கஸ்தூரி


ஜெய்சால்மர்,
ராஜஸ்தான்.
22-4-2025

அன்புத் தோழி கஸ்தூரிக்கு,

கேட்டது வேலையில் இருந்தபோது, பதில் வந்தது பென்ஷனில். பரவாயில்லை, உன்னிடம் கேட்டால் என்றைக்காவது வரும் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது.

ஆனால் ஒன்றைக் கவனித்தாயா? நம் பாடப்புத்தகத்தில் மயில்துத்தத்துக்கு நேர்வது 'நீர்நீக்கம்'. உடம்புக்கு நேர்வது 'நீரிழப்பு'. ஆங்கிலத்தில் ஒரே வார்த்தை, தமிழில் இரண்டு. நீக்கம் என்றால் யாரோ வேண்டுமென்றே செய்கிறார்கள். இழப்பு நமக்குத் தெரியாமல் நடந்துவிடுகிறது. இந்த இரண்டையும் பிரித்து வைத்தவர் யாரோ, அவர் கைக்கு ஒரு மோதிரம் போடலாம்.

நீ பயப்படும்படி எதுவும் இல்லை. பிள்ளை மாறனுக்குச் சோலார் பிளாண்டில் நல்ல பேர். குவார்ட்டர்ஸ் சின்னதுதான், ஆனால் கச்சிதம். ஒரு ஹால், ஒரு சமையலறை, ஒரு படுக்கையறை. குளியலறை, கழிவறை எல்லாம் அந்தப் படுக்கையறைக்கு உள்ளேயே. ஏசியும் அங்கேதான். மருமகள் கவியாவுக்கு ஆறாம் மாதம், வெக்கை தாங்க மாட்டாள். மாறன் சாயங்காலம் வந்ததும் கதவைச் சாத்தி ஏசி போட்டுவிடுவான். எனக்கு ஹாலில் கட்டில், பக்கத்தில் பெரிய கூலர். ராணி மாதிரி இருக்கிறேன்.

கவியாவுக்குத் தாய் இல்லை என்பது உனக்குத் தெரியும். பிரசவத்தை இங்கேயே வைத்துக்கொள்ளலாம் என்று நான்தான் சொன்னேன். அந்தத் தைரியத்தில்தான் அந்தப் பெண் இருக்கிறாள்.

இந்த ஊர் வெயிலைப் பற்றி ஒரு அதிசயம் சொல்கிறேன். வேர்ப்பதே இல்லை! நம் ஊரில் பஸ் ஏறி இறங்குவதற்குள் ரவிக்கை முதுகோடு ஒட்டிக்கொள்ளும். இங்கே சித்திரை வெயிலில் நடந்துவிட்டு வந்தாலும் முதுகைத் தொட்டால் காய்ந்த காகிதம் மாதிரி இருக்கிறது. வேர்க்காத உடம்புக்குத் தண்ணீர் எதற்கு? நீ கேட்டதற்குப் பதில் இதுதான்: கொஞ்சமாகத்தான் குடிக்கிறேன், அதுவே போதுமாக இருக்கிறது. டாக்டர் என்றால் சீட்டில் எதையாவது எழுதித்தானே ஆகவேண்டும்.

அன்புடன்
எழிலரசி


வேங்கிக்கால்,
2-5-2025

என் அருமை எழில்,

உன் கடிதத்தை மாவு பிசைந்த கையோடு படித்தேன். அந்தக் கையாலேயே தலையில் அடித்துக்கொண்டேன்.

வேர்க்கவில்லை என்று யார் சொன்னது? துவைத்த துணி அங்கே எவ்வளவு நேரத்தில் காய்கிறது? கொடியில் கடைசித் துணியைப் போடுவதற்குள் முதல் துணி காய்ந்துவிடுகிறது என்று போனில் நீயே சொன்னாய். துணியை அந்த வேகத்தில் காய வைக்கிற காற்று உன் முதுகை மட்டும் விட்டுவைக்குமா? வேர்வை வருகிறது. நனைவதற்குள் காற்று கொண்டுபோய்விடுகிறது. நம் ஊர்க்காரர்களுக்கு வேர்வை என்றால் ஈரம். ஈரம் இல்லாவிட்டால் வேர்வையும் இல்லை என்று கணக்குப் போட்டுவிடுகிறோம்.

வேர்க்காமலும் தண்ணீர் போகும். நானூறு வருஷத்துக்கு முன்னால் இத்தாலியில் சாண்டோரியோ என்று ஒரு வைத்தியர் இருந்தார். பெரிய தராசு ஒன்றில் நாற்காலியைத் தொங்கவிட்டு, அதில் உட்கார்ந்தே சாப்பிடுவார். சாப்பிட்டதையும் குடித்ததையும் எடை போட்டார். வெளியே போனதையும் எடை போட்டார், முகம் சுளிக்காதே. இரண்டும் ஒத்துவரவில்லை. உள்ளே போனது அதிகம், வெளியே வந்தது குறைவு, ஆனால் ஆளின் எடையும் ஏறவில்லை. அப்படியானால் மீதி எங்கே? தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் கண்ணுக்குத் தெரியாமல் போய்க்கொண்டே இருக்கிறது என்றார். அதற்கு லத்தீனில் வைத்த பேருக்கு 'உணராமல் ஊடே மூச்சுவிடுவது' என்று பொருள் சொல்லலாம். ஆங்கிலத்தில் வேர்வைக்குச் சொல்கிற பெர்ஸ்பிரேஷன் இருக்கிறதே, அதுவும் அதிலிருந்துதான். 'ஊடே மூச்சுவிடுதல்.' தோலே மூச்சுவிடுகிறது என்று அவர்களுக்குத் தோன்றியிருக்கிறது பார்.

நீ நம்ப மாட்டாய். ஒரு பாலித்தீன் பையில் கையை விட்டு, மணிக்கட்டில் நூலால் லேசாகக் கட்டிக்கொள். இறுக்கிவிடாதே. ஒரு காப்பி போட்டுக் குடிக்கிற நேரம் அப்படியே இரு. பையின் உள்பக்கத்தைப் பார்த்து எனக்கு எழுது.

அன்புடன்
கஸ்தூரி


ஜெய்சால்மர்,
14-5-2025

அன்புள்ள கஸ்தூரிக்கு,

தோற்றேன்.

காய்கறி வாங்கி வந்த பையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அன்றைக்குப் பார்த்து மாறன் சீக்கிரம் வந்துவிட்டான்.

"இன்னாம்மா, கைக்கு மட்டும் ரெயின்கோட்டு?"

"கஸ்தூரி டீச்சர் போடச் சொன்னாங்கடா."

"அவங்க ரிட்டயர் ஆயும் உன்ன உடலியா? ஹோம் ஒர்க்கா?"

கவியாவுக்கு அதைப் பார்த்ததும் ஆசை வந்துவிட்டது. அவளும் ஒரு பை கட்டிக்கொண்டாள். இரண்டு பையும் உள்ளே பனி பிடித்த மாதிரி வெளுத்து, பிறகு சின்னச் சின்னத் துளியாகக் கோத்தது. என் கையைப் பார்க்க எனக்கே கூச்சமாக இருந்தது. கவியா தன் பையைத் தூக்கிக் காட்டி, "என்துலதான் ஜாஸ்தி, பாருங்க அத்தை. ரெண்டு பேருக்கு வேர்க்குதுல்ல?" என்றாள். மாறன் சிரித்த சிரிப்பில் பக்கத்துக் குவார்ட்டர்ஸ் அம்மா எட்டிப் பார்த்தாள்.

உன் இத்தாலிக்காரருக்கு நான் ஒரு பேர் யோசித்து வைத்திருக்கிறேன். 'உணரா நீர்ப்போக்கு.' பிடித்திருந்தால் எடுத்துக்கொள்.

சொன்னால் கேட்கிறவள் நான். அன்றிலிருந்து காலை எழுந்தது முதல் நாலு மணி வரைக்கும் தண்ணீர் நன்றாகவே குடிக்கிறேன். பக்கத்து வீட்டு அம்மா தருகிற மோரும் உண்டு. அதற்குமேல் எதுவும் தொடுவதில்லை. ராத்திரிச் சாப்பாட்டையும் இட்லியோடு நிறுத்திக்கொண்டேன், ரசம் கிடையாது.

ஆனாலும் நீர்க்கடுப்பு விட்டபாடில்லை. இடுப்பில் ஒரு வலி வேறு. டாக்டர் டெஸ்ட் எடுக்கச் சொல்லியிருக்கிறார். இந்த ஊர்த் தண்ணீர் எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது. பிரசவத்துக்கு முன்னாலேயே ஊருக்கு வந்துவிட்டால் என்ன என்று ஒரு யோசனை. கவியாவைப் பார்த்துக்கொள்ள யாராவது கிடைக்காமலா போய்விடுவார்கள்? இன்னும் அவர்களிடம் சொல்லவில்லை.

எழில்


வேங்கிக்கால்,
24-5-2025

எழில்,

பேர் நன்றாக இருக்கிறது, எடுத்துக்கொண்டேன். இனி எழுதப்போவதைக் கோபப்படாமல் படி.

'நாலு மணி வரைக்கும்' என்று எழுதியிருக்கிறாய். இதை நான் எங்கே கேட்டிருக்கிறேன் என்று இரண்டு நாள் மண்டையைக் குடைந்துகொண்டேன். அப்புறம் தெரிந்தது. நம் பள்ளிக்கூடம்தான். நம் கழிவறைக்குப் போகும் வழியில் ஆண் ஆசிரியர்கள் நாற்காலி போட்டு உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பார்கள். அவர்கள் யாரும் நம்மைத் தவறாக ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஆனாலும் அவர்களைத் தாண்டி நடக்கக் கூசிக்கொண்டு, காலையில் மணி அடித்தால் சாயங்காலம் நாலு மணி வரை பல்லில் தண்ணீர் படாமல் இருந்தோம். வீட்டுக்குப் போய்ச் சொம்போடு கவிழ்த்துக்கொள்வோம்.

இப்போது நீ அதையே திருப்பிப் போட்டிருக்கிறாய். அப்போது நாலு மணிக்கு மேல் குடித்தாய். இப்போது நாலு மணியோடு நிறுத்துகிறாய். ஏனென்றால் நாலு மணிக்கு மேல் உன் பிள்ளை வந்துவிடுவான், அறைக் கதவைச் சாத்துவார்கள், கழிவறை அந்தக் கதவுக்கு உள்ளே இருக்கிறது. கட்டிலில் பிள்ளையும் மருமகளும் படுத்திருக்கும்போது தட்டி எழுப்பி, அவர்களைத் தாண்டிப் போக உன்னால் முடியவில்லை. சாயங்காலத்திலிருந்து விடியும்வரை அடக்கிக்கொண்டு கிடக்கிறாய். அப்புறம் கடுப்பு வராமல் என்ன செய்யும்? ஊர்த் தண்ணீர் மேல் ஏன் பழி போடுகிறாய்?

நீதானே எழுதினாய், இழப்பு வேறு, நீக்கம் வேறு என்று? உன்னிடமிருந்து காற்று எடுத்துக்கொண்டு போவது கொஞ்சம். மிச்சத்தை நீயே நீக்குகிறாய்.

உனக்குச் சொல்ல எனக்கு யோக்கியதை இருக்கிறதா என்றும் யோசித்தேன். சித்ரா பௌர்ணமிக்குக் கிரிவலம் கிளம்பினேன். வழியெல்லாம் கழிப்பறை இருக்கிறது. அந்தக் கூட்டத்தில் வரிசையில் நிற்கக் கூசிக்கொண்டு மத்தியானத்திலிருந்தே தண்ணீர் குடிக்காமல்தான் போனேன். ஆதி அண்ணாமலைக்கு வருவதற்குள் கண் இருட்டிவிட்டது. ஆட்டோ பிடித்துத் திரும்பினேன். அறிவியல் டீச்சர்!

கவியாவிடம் சொல். சொல்ல முடியாவிட்டால் எழுது, நான் மாறனுக்குப் போன் செய்து சொல்லிவிடுகிறேன்.

கஸ்தூரி


ஜெய்சால்மர்,
2-6-2025

மதிப்பிற்குரிய கஸ்தூரி அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது.

என் மகன் வீட்டில் எனக்கு ஒரு குறையும் இல்லை. அவர்கள் அறையையும் கட்டிலையும் பற்றி எழுதுவது நாகரிகம் இல்லை என்று ஒரு பட்டதாரி ஆசிரியைக்கு நான் சொல்லித்தரத் தேவையில்லை. மாறனுக்குப் போன் செய்ய வேண்டாம். செய்தால் அதுவே நமக்குள் கடைசிப் பேச்சாக இருக்கும். பெற்றவள் மூத்திரம் போவதைப் பற்றிப் பிள்ளையிடம் வெளியாள் பேசுவதா?

உடம்பு சரியில்லை, ஊருக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டேன். மாறன் டிக்கெட் போட்டிருக்கிறான். இந்த மாதக் கடைசியில் கிளம்புகிறேன்.

இப்படிக்கு,
அ. எழிலரசி


வேங்கிக்கால்,
9-6-2025

அன்புள்ள எழிலுக்கு,

போன் செய்ய மாட்டேன். செய்வேன் என்று மிரட்டியிருக்கவும் கூடாது. அது உன் வீடு, உன் பிள்ளை.

ஊருக்கு வா. ஸ்டேஷனுக்கு வந்து அழைத்துக்கொள்கிறேன். இதைப் பற்றி வாயே திறக்க மாட்டேன்.

ஒரே ஒரு கேள்வி. பதில் எனக்கு எழுத வேண்டாம். உடம்பு சரியில்லை என்றால், அங்கேயே வைத்தியம் பார்க்கலாமே என்று கவியா சொல்லுவாள். நிறைமாதத்தில் தன்னை விட்டுவிட்டு ஏன் போகிறீர்கள் என்று ஒருநாள் உன் முகத்தைப் பார்த்துக் கேட்பாள். அவளுக்கு என்ன காரணம் சொல்லப்போகிறாய்?

கஸ்தூரி


ஜெய்சால்மர்,
27-6-2025

அடி கஸ்தூரி,

நீ சொன்ன மாதிரியே கேட்டாள்.

நேற்று முன்தினம் பெட்டியில் புடவையை அடுக்கிக்கொண்டிருந்தேன். கவியா வாசற்படியில் சாய்ந்துகொண்டு பார்த்துக்கொண்டே நின்றாள். "எனக்கு ஒன்னு மட்டும் சொல்லிட்டுப் போங்க அத்தை. நான் இன்னா தப்பு பண்ணேன்?" என்றாள்.

உன் கடிதம் வந்ததிலிருந்து நானும் காரணங்களைத் தயார் செய்துதான் வைத்திருந்தேன். வீட்டு ஓடு மாற்ற வேண்டும், பென்ஷன் ஆபீசில் வேலை, கோயிலில் ஒரு வேண்டுதல். அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்து அதில் ஒன்றைக்கூடச் சொல்ல மனம் வரவில்லை.

"நீ ஒன்னும் பண்ணலம்மா" என்றேன்.

"பின்ன ஏன் சாயங்காலம் ஆனா எங்கூட சரியாவே சாப்புட மாட்டேன்றீங்க? ரசம் வெச்சா வாணாம்னு தள்ளி வெச்சிடுறீங்க. எங்கம்மா இருந்திருந்தா இப்டி வயித்தோட என்ன உட்டுட்டுப் போவாங்களா? என் சமையலு புடிக்கல, என்ன புடிக்கல, அதான் போறீங்கன்னு தெனம் யோசிச்சினு கெடக்கிறேன்."

கஸ்தூரி, நான் தண்ணீர் குடிக்காததை அந்தப் பெண் தன் மேல் வெறுப்பு என்று எடுத்துக்கொண்டிருக்கிறாள். எல்லாம் என் உடம்போடு முடிகிற விஷயம் என்றல்லவா நான் இருந்தேன்?

அதற்குமேல் மறைக்க முடியவில்லை. பெட்டிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டு சொன்னேன். தமிழ் படித்து என்ன பிரயோஜனம், அந்த ஒரு வாக்கியத்துக்கு வார்த்தையே கிடைக்கவில்லை. "ராத்திரில ஒன்னுக்கு வந்தா உங்க ரூமைத் தாண்டிப் போவணும்மா" என்று தலையைக் குனிந்துகொண்டு சொல்லிவிட்டேன்.

அவளும் மெல்ல என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். பிறகு, "இவ்ளோதானா?" என்றாள். "நானே ராத்திரில நாலஞ்சு வாட்டி எழுந்து போறேன் அத்தை. ஒவ்வொரு வாட்டியும் வழுக்கிடுவனோன்னு பயம். உங்க புள்ளையக் கூப்ட்டா கும்பகர்ணனாட்டம் கெடக்குறாரு. நீங்க உள்ள வந்து படுத்தா எனக்குத் தொணையாச்சு. அவரு ஹால்ல படுக்கட்டும்."

மாறன் வந்ததும் அவளே அறிவித்தாள். காரணம் கேட்டான். நான் சமையலறைக்குள் போய்விட்டேன். அவள் என்ன சொன்னாளோ தெரியாது. உள்ளே வந்து என் பக்கத்தில் நின்றான். "ஏம்மா, அதுக்குன்னு மாசக்கணக்குலயா அடக்கினு கெடந்த? கதவத் தட்டியிருந்தா நான் எழுந்து வெளிய வந்திருக்க மாட்டேனா?" என்றான். உடனே ஹாலுக்குப் போய், "ஏசி ரூமு உங்களுக்கு, கூலரு எனக்கா? நல்லாருக்குது நாயம்!" என்று சத்தம் போட்டான்.

"கரெண்டு தயார் பண்றவருதானே நீங்க? ரெண்டு ஃபேனாப் போட்டுக்குங்க" என்றாள் கவியா.

அன்றைக்கு ராத்திரி ரசம் சாப்பிட்டேன். சாப்பிட்டதற்கு மேல் ஒரு சொம்புத் தண்ணீரும் குடித்தேன். இரண்டு முறை எழுந்தேன். ஒருமுறை அவளோடு நான் போனேன், ஒருமுறை என்னோடு அவள் வந்தாள். யாரும் யாரையும் பார்த்துக் கூசவில்லை. டெஸ்டில் கிருமி இருக்கிறது என்றார்கள், மாத்திரை சாப்பிடுகிறேன். கடுப்பு பாதி குறைந்துவிட்டது. டிக்கெட்டை மாறன் கேன்சல் செய்துவிட்டான். குழந்தை பிறந்து, அதன் தலை நின்ற பிறகுதான் இனி ஊருக்கு.

உன்னை 'அவர்கள்' போட்டு எழுதியதற்கு இன்னும் எனக்கு வெட்கமாக இருக்கிறது. அந்தக் கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிடு.

ஆனால் ஒரு கணக்கு மிச்சம் இருக்கிறது. என்னை வாய் திறக்க வைத்தாய், நீ திறந்தாயா? சித்ரா பௌர்ணமிக்குப் பாதி வழியில் திரும்பியதைக் கேலியாக எழுதிவிட்டு நழுவப் பார்க்கிறாய். அங்கே தனியாகக் கண் இருட்டி விழுந்தால் தாங்கிப் பிடிக்க யார் இருக்கிறார்கள்? இத்தனை நாள் நீ சொன்னதையெல்லாம் நான் செய்து பார்த்தேன். இப்போது நான் ஒன்று சொல்கிறேன்.

வருகிற பௌர்ணமிக்குக் கிளம்புமுன் வயிறு நிறையத் தண்ணீர் குடித்துவிட்டு நட. வழியில் தேவைப்பட்டு, வரிசையில் நிற்கக் கூசினால், எதிரில் இருக்கிற வீட்டுக் கதவைத் தட்டி வாய்விட்டுக் கேள்.

உன்
எழில்